ஒரே முதலாளி, இரண்டு மூடுவிழா: வைனில் போனதும் ரெவ்யூவில் மிஞ்சியதும்

2017 ஜனவரி 17 அன்று குட்டி வீடியோக்களுக்கான வைன் ஆப்பின் கதை முடிந்தது. 2023 ஜனவரி 18 அன்று இமெயில் மடல் (நியூஸ்லெட்டர்) அனுப்பும் கருவியான ரெவ்யூவின் கதை முடிந்தது. இரண்டுமே ட்விட்டர் விலைக்கு வாங்கியவை, இரண்டையும் மூடியதும் ட்விட்டர்தான், தேதிகூட ஒருநாள்தான் தள்ளி. ஆனால் மூடிய மறுநாள் காலையில் அந்த இரண்டு இடங்களிலிருந்தும் வெளியே வந்தவர்களின் கையில் இருந்தவை வேறு வேறு. வைன்காரர்கள் தங்கள் வீடியோக்களோடு வந்தார்கள். ரெவ்யூகாரர்கள் தங்கள் வாசகர்களோடு வந்தார்கள்.

கிரியேட்டர்கள் தங்கள் ஆட்களோடு உள்ள தொடர்பைத் தாங்களே வைத்திருக்க வேண்டும், ஒரு பிளாட்ஃபார்மிடம் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று பொதுவாகச் சொன்னால் எல்லோரும் தலையாட்டுவோம், அப்புறம் போய் அடுத்த ரீல் போடுவோம். அதனால் பொதுவாகப் பேசாமல் இந்த இரண்டு மூடுவிழாக்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. இப்படி ஒரு ஒப்பீடு தானாக அமைவது அபூர்வம். முதலாளி ஒன்று. இரண்டிலும் முன்கூட்டியே அறிவித்துத்தான் மூடினார்கள். சொல்லப்போனால் வைனுக்குத்தான் அதிக நாள் கிடைத்தது, கிட்டத்தட்ட பன்னிரண்டு வாரம். ரெவ்யூவுக்கு ஐந்தே வாரம். அப்படியிருந்தும் குறைந்த நாள் கிடைத்தவர்கள்தான் பிழைத்தார்கள் என்றால், விஷயம் அவகாசத்தில் இல்லை.

ஆறு விநாடி

வைனை 2012-இல் தொடங்கியவர்கள் டாம் ஹாஃப்மன், ரஸ் யூசுபோவ், காலின் க்ரோல் என்ற மூன்று பேர். ஆப் வெளியே வருவதற்கு முன்னாலேயே, அதே வருடம் அக்டோபரில், ட்விட்டர் அதை வாங்கிவிட்டது. விலை 3 கோடி டாலர் என்று செய்தி வந்தது. 2013 ஜனவரி 24 அன்று ஐஃபோனில் இறங்கியது. ஆறு விநாடி வீடியோ, முடிந்ததும் தானாகத் திரும்ப ஓடும், சரக்கு அவ்வளவுதான். அந்த ஆறு விநாடிக்குள் ஒரு ஜோக்கைத் தொடங்கி, திருப்பி, முடித்து, இரண்டாம் சுற்றில் முதல் சுற்றில் கவனிக்காத ஒன்று கண்ணில் படும்படி வைப்பதை அங்கே இருந்த பிள்ளைகள் ஒரு தனிக் கலையாகவே ஆக்கிவிட்டார்கள். ஷான் மெண்டிஸ் பாடிப் போட்டு முதன்முதலில் கவனம் பெற்றது அங்கேதான். லோகன் பால், லெலே போன்ஸ், கிங் பாக் எல்லோரும் அங்கிருந்து கிளம்பியவர்கள். 2015 முடிவில் 20 கோடிப் பேர் பயன்படுத்துவதாகக் கணக்கு.

வைன் வெளிவந்த அன்றே நடந்த ஒன்றைச் சொல்லாமல் இந்தக் கதையைத் தொடர முடியாது. புதிதாக ஆப்பில் சேருகிறவர் தன் ஃபேஸ்புக் நண்பர்களில் யார் யார் ஏற்கெனவே வைனில் இருக்கிறார்கள் என்று தேடும் வசதி அதில் இருந்தது. ஃபேஸ்புக்கில் இருந்த ஓர் உயரதிகாரி அன்றைக்கே ஒரு மெயில் அனுப்புகிறார்: ட்விட்டர் வைனை வெளியிட்டிருக்கிறது, யாருக்கும் ஆட்சேபம் இல்லையென்றால் நண்பர்கள் பட்டியலை எடுக்கும் வழியை இன்றே அடைத்துவிடலாம். மார்க் ஸக்கர்பெர்க்கின் பதில் ஒரே வரி, அடைத்துவிடுங்கள் என்ற பொருளில். 2018 டிசம்பரில் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு ஒன்று வெளியிட்ட ஆவணங்களில் இந்த மெயில் வெளியே வந்தது.

ட்விட்டர் பாவம் என்று நினைத்துவிட வேண்டாம். 2012 ஏப்ரலில் இன்ஸ்டாகிராமை ஃபேஸ்புக் வாங்குவதாக அறிவித்தது. ஜூலையில், ட்விட்டர் நண்பர்களை இன்ஸ்டாகிராமுக்குள் தேடும் வழியை ட்விட்டர் அடைத்தது. 2015 மார்ச்சில் மீர்கட் என்ற நேரலை ஆப் திடீரென்று பிரபலமானபோது, தன்னிடம் அதே மாதிரி பெரிஸ்கோப் என்ற ஆப் வந்துவிட்ட தைரியத்தில் அதற்கும் இதையே செய்தது. வீடியோக்களை அடைக்கவில்லை, லிங்க் போடுவதை அடைக்கவில்லை. யார் யாருக்குத் தெரிந்தவர் என்ற பட்டியலை மட்டும்.

இதை வம்புக்காக இழுக்கவில்லை. பிளாட்ஃபார்ம்கள் தங்களுக்குள் சண்டை போடும்போது எதைப் பூட்டுகின்றன என்று பார்த்தால் அவை எதைச் சொத்தாக நினைக்கின்றன என்பது தெரிந்துவிடும். உங்கள் வீடியோவைத் தரச் சொன்னால் தாராளமாகத் தருவார்கள், ஒரு ஜிப் கோப்பாகக் கட்டியே தருவார்கள். உங்களைத் தொடர்கிறவர் யார், அவரை வேறு வழியில் எப்படிப் பிடிப்பது என்று கேட்டால்தான் கதவு சாத்தும்.

பதினெட்டு பேர் ஒரு அறையில்

2015-இன் பிற்பகுதியில் வைனின் முன்னணி ஆட்கள் பதினெட்டு பேர் நிறுவனத்தின் பிரதிநிதிகளோடு ஓர் அறையில் உட்கார்ந்தார்கள். லாஸ் ஏஞ்சலஸில், அவர்களில் பலர் குடியிருந்த அடுக்ககத்தில். அது இருந்த தெருவின் பெயரும் வைன்தான், தற்செயல். பிறகு வந்த செய்திகளின்படி அவர்கள் வைத்த கோரிக்கை: தலைக்கு 12 லட்சம் டாலர், ஆப்பில் சில மாற்றங்கள், நிறுவனத்தோடு நேரடியாகப் பேச ஒரு வழி. பதிலுக்கு ஒவ்வொருவரும் மாதம் பன்னிரண்டு வைன் போடுவார்கள். இல்லையென்றால் எழுந்து போய்விடுவார்கள். நிறுவனம் ஒப்புக்கொள்ளவில்லை. அவர்கள் போய்விட்டார்கள்.

இந்தக் காட்சி எனக்கு அடிக்கடி நினைவுக்கு வரும். கோடிக்கணக்கில் பார்வைகளைக் கொண்டுவரும் பதினெட்டு பேர் ஒன்றாக உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்கள் வைக்கக்கூடிய அதிகபட்ச மிரட்டல் ‘இனிமேல் போடமாட்டோம்’ என்பதுதான். ‘எங்கள் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்விடுவோம்’ என்று சொல்ல அவர்களிடம் எதுவும் இல்லை. நிறுவனத்தோடு நேரடியாகப் பேச வழி கேட்டார்கள், பார்க்கிறவர்களோடு நேரடியாகப் பேச வழி கேட்டதாகச் செய்தியில் இல்லை. அப்போது யாருக்கும் அது தோன்றவும் தோன்றியிருக்காது என்று நினைக்கிறேன், எண்ணிக்கை திரையில் தெரிந்துகொண்டே இருக்கும்போது அது நம்முடையது என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியிருக்கிறது.

அவர்களில் பலர் பிழைத்தார்கள், இதையும் சொல்லத்தான் வேண்டும். ஒவ்வொரு வீடியோவிலும் ‘யூட்யூபுக்கு வாங்க, இன்ஸ்டாவுக்கு வாங்க’ என்று ஒன்றிரண்டு வருடமாகவே சொல்லிச் சொல்லி ஆட்களை அங்கே நகர்த்தியிருந்தார்கள். இன்ஸ்டாகிராம் 2013 ஜூனிலேயே பதினைந்து விநாடி வீடியோவைக் கொண்டுவந்துவிட்டது, அதனால் போக ஓர் இடமும் இருந்தது. ஆனால் அது கையால் தண்ணீர் அள்ளுகிற வேலை. கோடி பேர் தொடர்கிறவர் அள்ளினால் பாதி சிந்தினாலும் குடிக்க மிஞ்சும். சில ஆயிரம் பேர் தொடர்கிறவருக்கு, அதுவும் வாரத்துக்கு ஒன்று போடுகிறவருக்கு, சிந்தியது போக எதுவும் மிஞ்சாது. ‘வைன் மூடியும் எல்லோரும் பெரிய ஆளாகத்தானே ஆனார்கள்’ என்கிற வாதம் அதனால்தான் எனக்கு ஒப்பவில்லை. ஆனவர்களை மட்டும்தான் நமக்குத் தெரியும்.

2016 அக்டோபர் 27 அன்று ட்விட்டர் வைனை நிறுத்தப்போவதாக அறிவித்தது, அதே நாளில் தன் ஊழியர்களில் 9 சதவீதத்தையும் குறைத்தது. டிசம்பரில் விவரம் வந்தது: ஜனவரி 17 முதல் ஆப், ‘வைன் கேமரா’ என்ற வெறும் படமெடுக்கும் கருவியாக மாறும், அதற்குள் உங்கள் வீடியோக்களை இறக்கிக்கொள்ளுங்கள். வீடியோக்கள் இணையத்தில் காப்பகமாகச் சில காலம் கிடந்தன. ஃபாலோயர்கள்? அதற்கும் ஓர் ஏற்பாடு செய்தார்கள், நியாயமாகச் சொன்னால் நல்ல ஏற்பாடுதான்: உங்கள் வைன் ஃபாலோயர்கள் சுலபமாக உங்களை ட்விட்டரில் தொடரலாம். ஒரு கட்டடத்தை இடிக்கும்போது அதே முதலாளியின் இன்னொரு கட்டடத்துக்கு வழி காட்டினார்கள்.

ஐந்து வாரம்

ரெவ்யூ அவ்வளவு கவர்ச்சியான கதை இல்லை. நெதர்லாந்தில் தொடங்கிய ஒரு சின்ன நியூஸ்லெட்டர் கருவி. 2021 ஜனவரியில் ட்விட்டர் வாங்கியது. வாசகர் கட்டும் சந்தாவில் தன் பங்கு 5 சதவீதம் மட்டுமே என்று அறிவித்தது (இதே மாதிரி நியூஸ்லெட்டர் தளமான சப்ஸ்டாக் எடுப்பது 10), பிறகு ட்விட்டர் புரொஃபைலிலேயே சப்ஸ்கிரைப் பட்டனை வைத்தது. ட்விட்டரில் எழுதுகிறவர்களுக்கு இது பெரிய வசதி, படிக்கிறவர் பக்கத்தை விட்டு நகராமலே சேர்ந்துவிடலாம்.

2022 அக்டோபர் 27 அன்று ஈலான் மஸ்க் ட்விட்டரை வாங்கி முடித்தார். வைனை மூடுவதாக அறிவித்த அதே தேதி, ஆறு வருடம் கழித்து. டிசம்பர் 14 அன்று ரெவ்யூவின் அறிவிப்பு வந்தது: ஜனவரி 18-க்குப் பிறகு கணக்குக்குள் நுழைய முடியாது, எல்லாத் தரவும் அழிக்கப்படும், அதற்குள் உங்கள் சப்ஸ்கிரைபர் பட்டியலையும் பழைய இதழ்களையும் இறக்கிக்கொள்ளுங்கள். பணம் கட்டிப் படிக்கிறவர்களின் சந்தாக்கள் டிசம்பர் 20 அன்றே, அந்தந்தக் கட்டணக் காலம் முடிந்ததும் ரத்தாகும்படி வைக்கப்படும், இனி வராத இதழுக்கு யாரும் பணம் கட்டக்கூடாது என்பதற்காக.

எழுதுகிறவர்கள் திட்டினார்கள், ஒன்றிரண்டு நாள் புலம்பினார்கள், பட்டியலை இறக்கினார்கள், வேறு கருவியில் ஏற்றினார்கள், அடுத்த இதழை அனுப்பினார்கள். வாசகருக்குத் தெரிந்த மாற்றம் மடலின் அடியில் இருந்த லோகோவும் அனுப்புநர் முகவரியும்தான்.

அந்த அறிவிப்புக்கு நாலே நாள் கழித்து, டிசம்பர் 18 அன்று, ட்விட்டரிலேயே இன்னொன்று நடந்தது. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், மாஸ்டடான் போன்ற தளங்களில் உள்ள உங்கள் பக்கத்துக்கு ஆட்களை அழைக்கும் பதிவுகள் விதிமீறல் என்று அறிவித்தார்கள். எல்லா லிங்குகளையும் ஒரே பக்கத்தில் அடுக்கி வைக்கும் லிங்க்ட்ரீ மாதிரியான சேவைகளும் அந்தப் பட்டியலில் இருந்தன. எதிர்ப்பு கிளம்பி, ஒருநாள் போல இருந்துவிட்டு விதியை எடுத்துவிட்டார்கள். ஆனாலும் அந்த ஒரு வாரத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒரே கம்பெனி, ஒரு கையால் ‘இந்தா உன் வாசகர் பட்டியல், எடுத்துக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் போ’ என்கிறது, இன்னொரு கையால் ‘உன் ஃபாலோயரிடம் நீ வேறு எங்கே இருக்கிறாய் என்று சொல்லக்கூடாது’ என்கிறது. முதலாளியின் மனசு நல்ல மனசா கெட்ட மனசா என்பது இங்கே கேள்வியே இல்லை. இமெயில் நியூஸ்லெட்டர் என்பதன் அமைப்பே அப்படி, முகவரி இல்லாமல் அனுப்ப முடியாது, அனுப்பும் முகவரி எழுதுகிறவரின் கணக்கில் பட்டியலாகக் கிடக்கும், அந்தப் பட்டியலைத் தராமல் இந்தத் தொழிலில் கடை விரிப்பது கஷ்டம். ஃபாலோயர் என்பதன் அமைப்பு வேறு.

பட்டியல் எப்படி இருக்கும்

அந்தக் கோப்பைத் திறந்து பார்க்காதவர்களுக்காக. சி.எஸ்.வி. என்ற கோப்பு, எந்த விரிதாளிலும் திறக்கும். முதல் பத்தியில் இமெயில், அடுத்ததில் பெயர், பாதிப் பேருக்கு அது காலியாகவே இருக்கும், அதற்கடுத்து சேர்ந்த தேதி, சில கருவிகளில் எங்கிருந்து வந்தார் என்ற குறிப்பும். முதல் வரியில் நிச்சயமாக உங்கள் முகவரியே இருக்கும், சோதித்துப் பார்க்க நீங்களே சேர்ந்திருப்பீர்கள். அதற்குக் கீழே நாலைந்து நண்பர்கள். பிறகு தேதியில் பெரிய இடைவெளி. அப்புறம் திடீரென்று ஒரே நாளில் நாற்பது பேர், அன்றைக்கு யாரோ ஒருவர் உங்கள் கட்டுரையைப் பகிர்ந்திருப்பார். சில கிலோபைட்தான் எடை. எந்த அனலிட்டிக்ஸ் பக்கமும் காட்டாத ஒன்று அதில் தெரியும்: இவர்கள் ஒரு பெட்டியில் தங்கள் முகவரியைத் தட்டி, பல கருவிகளில் வந்த மெயிலில் உறுதியும் செய்து, வேலை மெனக்கெட்டுச் சேர்ந்தவர்கள்.

நானும் ஒருமுறை கருவி மாறியிருக்கிறேன், எந்தக் கருவி என்பது இங்கே தேவையில்லை. ஏதோ பட்டனைத் தட்டினால் முடிந்துவிடும் என்று நினைத்தேன். புதிய இடத்தில் ஏற்றியதும் ‘இவர்கள் எல்லாம் எங்கே, எப்போது சம்மதம் தந்தார்கள்’ என்று கேட்டு இரண்டு நாள் நிறுத்தி வைத்தார்கள், சேர்ந்த தேதிப் பத்தியை நான் அழிக்காமல் வைத்திருந்தது அங்கேதான் கைகொடுத்தது. முதல் மடல் போனதும் இரண்டு மூன்று பேர் ‘நீங்கள் யார்’ என்று பதில் எழுதினார்கள், ஏனென்றால் அனுப்புநர் பெயரில் நான் என் பெயருக்குப் பதில் மடலின் புதிய பெயரைப் போட்டிருந்தேன். முன்பு விலகிப்போனவர்களின் பட்டியலைத் தனியாக இறக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாது; அதை விட்டுவிட்டதால், பழைய கோப்பை வைத்து ஏற்றியபோது போனவர்கள் சிலருக்கும் மடல் போய், ஒருவர் நன்றாகவே திட்டினார். அவர் திட்டியது சரி.

அவர் திட்டியதிலிருந்துதான் ஒன்று புரிந்தது. ‘ஆடியன்ஸ் என்னுடையது’ என்று நாம் சொல்லிக்கொள்கிறோம், ஆனால் அந்த மனிதரின் முகவரி என்னிடம் இருந்தும் அவர் என்னுடையவர் இல்லை. அவர் தந்தது ஓர் அனுமதி. அதை அவர் எடுத்துக்கொண்டார், நான்தான் கவனிக்கவில்லை.

பிளாட்ஃபார்ம்கள் சொல்லும் ஒரு நியாயமும் இங்கேதான் வருகிறது. என்னைத் தொடர்கிறவர் தன் இமெயிலைப் பிளாட்ஃபார்முக்குத் தந்தார், எனக்குத் தரவில்லை. அதை எனக்கு அள்ளிக் கொடுத்தால் அவருடைய அந்தரங்கம் என்ன ஆவது? ஐரோப்பாவில் 2018 மே முதல் நடப்பில் இருக்கும் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 20-ஆவது பிரிவு ஒருவர் தான் கொடுத்த தரவை எடுத்துக்கொண்டு போகும் உரிமையைத் தருகிறது, ஆனால் அது அடுத்தவரின் உரிமையைப் பாதிக்கக்கூடாது என்றும் சொல்கிறது. ஃபாலோயர் பட்டியல் அப்படி இடையில் மாட்டிக்கொண்ட ஒன்று, பாதி என்னுடையது, பாதி அவருடையது. நியாயமான வாதம்தான். ஆனால் முகவரியைக் காட்டாமலே உறவை மட்டும் நகர்த்த முடியாதா?

முடியும், செய்தும் காட்டியிருக்கிறார்கள். மாஸ்டடான் என்பது தனித்தனி ஆட்கள் நடத்தும் பல சர்வர்கள் சேர்ந்த சமூக வலைத்தளம்; அங்கே ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்கு மாறினால் ஃபாலோயர்கள் தானாக உங்கள் பின்னால் வந்துவிடுவார்கள், அவர்களுடைய இமெயில் யாருக்கும் தெரியாது. வேடிக்கை என்னவென்றால் அங்கே பழைய பதிவுகள் வராது, அவை பழைய சர்வரிலேயே கிடக்கும். வைனில் நடந்ததற்கு இது அப்படியே தலைகீழ்: இங்கே ஆட்கள் வருவார்கள், சரக்கு வராது. (பழைய சர்வர் சொல்லாமல் கொள்ளாமல் செத்துப்போனால் இதுவும் நடக்காது, அது உயிரோடு இருக்கும்போதே நகர வேண்டும்.) பாட்காஸ்ட்காரர்களுக்கு இது இன்னும் பழைய செய்தி. புது எபிசோடுகளைக் கேட்கிறவரின் ஆப்புக்குத் தெரிவிக்கும் ஆர்.எஸ்.எஸ். ஃபீடை ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி, பழைய முகவரியில் ‘நிரந்தரமாக இடம் மாறிவிட்டது’ என்ற திசைமாற்றத்தை வைத்துவிட்டால் போதும், கேட்கிறவரின் ஆப் புது இடத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். கேட்கிறவருக்கு எதுவும் தெரியாது. ஆகவே தொழில்நுட்பம் இல்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இமெயிலும் ராஜபாட்டை இல்லை

இதையெல்லாம் படித்துவிட்டு ‘சரி, இமெயில் லிஸ்ட் வைத்துக்கொண்டால் விடுதலை’ என்று யாராவது முடிவுக்கு வந்தால் நான் பாதி உண்மைதான் சொல்லியிருக்கிறேன் என்று அர்த்தம்.

2013-இல் ஜிமெயில் இன்பாக்ஸைத் தாவல்களாகப் பிரித்தது, பல மடல்கள் ஒரே இரவில் ‘ப்ரமோஷன்ஸ்’ பக்கம் போய் விழுந்தன. 2021-இல் ஆப்பிள் தன் மெயில் ஆப்பில் அந்தரங்கப் பாதுகாப்பைக் கொண்டுவந்ததும் யார் மடலைத் திறந்தார் என்ற கணக்கு நம்ப முடியாததாகிவிட்டது. 2024 பிப்ரவரியிலிருந்து, ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரு நாளில் 5,000-க்கு மேல் அனுப்புகிறவர்கள் மடல் தங்கள் டொமைனிலிருந்துதான் (சொந்த இணையப் பெயரிலிருந்துதான்) வருகிறது என்று முறையாக நிரூபிக்க வேண்டும், ஒரே தட்டில் விலகும் வசதி தர வேண்டும், ஸ்பாம் என்று புகார் வரும் விகிதம் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது. யாஹூவும் கூடவே இதே மாதிரி விதிகளைக் கொண்டுவந்தது. எல்லாம் நல்ல விதிகள்தான், ஆனால் எழுதியது யார் என்று பார்த்தால் மறுபடியும் பெரிய கம்பெனிகள்தான். வித்தியாசம், இங்கே ஒரு வாசல் அடைத்தால் பட்டியல் என் கையில் இருக்கும், வேறு வழியாக அனுப்பிப் பார்க்கலாம்.

பணம் இன்னொரு அடுக்கு. ரெவ்யூ கதையில் நான் வேகமாகத் தாண்டி வந்த இடம் அது. பட்டியல் கைக்கு வந்தது, ஆனால் சந்தாக்கள் ரத்தாகும்படி வைக்கப்பட்டன. இலவசமாகப் படிப்பவர் இடம்பெயரும்போது எதையும் செய்ய வேண்டியதில்லை. காசு கட்டுகிறவர் மறுபடியும் கார்டை எடுத்து எண்ணைத் தட்ட வேண்டுமென்றால், ஒரு நிமிடம் யோசிப்பார். அந்த ஒரு நிமிடம் ஆபத்தானது, பல சந்தாக்கள் மறதியில்தான் ஓடுகின்றன என்று தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும், சொல்லமாட்டார்கள். சப்ஸ்டாக்கிலும் கோஸ்ட் என்ற இன்னொரு நியூஸ்லெட்டர் கருவியிலும் எழுதுகிறவர், இணையத்தில் பணம் வாங்கித் தரும் ஸ்ட்ரைப் சேவையில் உள்ள தன் சொந்தக் கணக்கை இணைத்துக்கொள்கிறார், அதனால் இணையம் வழியாக வரும் சந்தா அவர் கணக்கிலேயே இருக்கும். ரசிகர்கள் மாதாமாதம் ஆதரவுத் தொகை கட்டும் பேட்ரியான் தளத்தில் ஆதரவாளரின் இமெயில் தெரியும், ஆனால் கார்டு விவரம் பேட்ரியானோடுதான். யூட்யூப் மெம்பர்ஷிப்பில் இமெயிலும் கிடையாது. ஆப் ஸ்டோர் வழியாக ஒருவர் காசு கட்டினால் அவர் ஆப்பிளின் வாடிக்கையாளர், அவ்வளவுதான்.

பிளாட்ஃபார்முக்கு மேலே இன்னொரு பிளாட்ஃபார்ம் உட்கார்ந்திருப்பதையும் பார்த்தோம். 2024 ஆகஸ்டில் பேட்ரியான் தன் கிரியேட்டர்களுக்குச் சொன்னது: ஐஃபோன் ஆப்பில் வரும் புதிய உறுப்பினர் கட்டணங்கள் நவம்பரிலிருந்து ஆப்பிளின் கட்டண முறை வழியாகவே போக வேண்டும், ஆப்பிள் அதில் 30 சதவீதம் எடுக்கும், மறுத்தால் ஆப்பே ஸ்டோரில் இருக்காது. தேதிகளும் விதிகளும் அதற்குப் பிறகு மாறிவிட்டன, ஆனால் மிரட்டலின் வடிவம் அன்று தெளிவாகத் தெரிந்தது. கிரியேட்டர் பேட்ரியானை நம்பினார், பேட்ரியான் ஆப்பிளை நம்பியது.

எந்தக் கோப்பிலும் ஏற்ற முடியாத ஒன்றும் இருக்கிறது, பழக்கம். வைனைத் திறந்து கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே போன பழக்கம் வைனோடு போனது, அதே ஆட்கள் அதே வீடியோவைத் தேடி வேறு ஆப்பைத் திறக்கவில்லை. இமெயில் அந்த வகையில் அதிர்ஷ்டம் செய்தது, காலையில் இன்பாக்ஸைத் திறப்பது எந்தக் கிரியேட்டருக்காகவும் உருவான பழக்கம் இல்லை, அதனால் கருவி செத்தாலும் பழக்கம் சாவதில்லை.

அப்போது பிளாட்ஃபார்ம் எதற்கு

வாடகை வீடு, சொந்த வீடு என்ற உவமையை இந்தப் பேச்சில் எல்லோரும் சொல்கிறார்கள், எனக்கு அதில் திருப்தி இல்லை. வாடகை வீட்டைக் காலி செய்தாலும் தெரிந்தவர்களின் ஃபோன் நம்பர் நம்மிடமே இருக்கும். இங்கே வீட்டைக் காலி செய்தால் நம்பரும் போய்விடுகிறது, அதுதான் பிரச்சினையே.

ஆனால் இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். ரெவ்யூவில் இருந்தவர்களுக்கு அந்த வாசகர்கள் எங்கிருந்து வந்தார்கள்? பெரும்பாலும் ட்விட்டரிலிருந்துதான், அந்த சப்ஸ்கிரைப் பட்டனை வைத்ததே அதற்காகத்தான். இமெயில் பட்டியல் தானாக வளராது, யாரும் இன்னொருவரின் இன்பாக்ஸில் தற்செயலாக எதையும் கண்டெடுப்பதில்லை. ஷான் மெண்டிஸ் 2013-இல் ஆறு விநாடிப் பாட்டுகளை மின்மடலாக அனுப்பியிருந்தால் யாருக்கு அனுப்பியிருப்பார்? முன்பின் தெரியாதவர் கண்ணில் படுவது பிளாட்ஃபார்மால்தான் ஆகும். அதனால் ‘எல்லாவற்றையும் விட்டுவிட்டு வெளியே வா’ என்று சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை, அவர்களில் பலர் அதைச் சொல்வதும் ஏதோ ஒரு பிளாட்ஃபார்மில் இருந்துதான்.

வைனையும் ரெவ்யூவையும் வைத்து நான் எடுத்துக்கொண்டது ஒரு சின்னப் பழக்கம்தான். எந்த இடத்தில் ஆள் சேர்ந்தாலும், அவர் சூடாக இருக்கும்போதே, அதாவது ஏதோ ஒன்று பிடித்துப்போய்ப் பக்கத்துக்கு வந்திருக்கிற அந்த வாரத்திலேயே, இன்பாக்ஸுக்கு அழைத்துவிடுவது. பிளாட்ஃபார்ம் மூடப்போகிறது என்று அறிவிப்பு வந்த பிறகு அழைத்தால் தாமதம், அன்றைக்கு எல்லோரும் எல்லோரையும் அழைத்துக்கொண்டிருப்பார்கள், பதிவே யார் கண்ணிலும் படாது. 2022 டிசம்பரில் போல அப்படி அழைப்பதே விதிமீறலாகவும் ஆகலாம். 2023 ஏப்ரலில் சப்ஸ்டாக் ட்விட்டரைப் போலவே ஒரு வசதியை அறிவித்ததும், சப்ஸ்டாக் லிங்க் உள்ள ட்வீட்களை யாரும் லைக் செய்யவோ மறுபகிர்வு செய்யவோ முடியாமல் ட்விட்டர் சில நாள் முடக்கிவைத்தது. அந்த வாரத்தில் நியூஸ்லெட்டருக்கு ஆள் திரட்டலாம் என்று யாராவது தள்ளிப்போட்டிருந்தால் அவ்வளவுதான்.

மடலைச் சொந்த டொமைனிலிருந்து அனுப்புவதும் பழைய இதழ்களைச் சொந்த முகவரியில் வைப்பதும் இதோடு சேர்ந்தது. ரெவ்யூ மூடியபோது அதன் முகவரியில் இருந்த பழைய இதழ்களின் லிங்குகள் எல்லாம் செத்தன, ஊரெல்லாம் மேற்கோள் காட்டியிருந்த கட்டுரைகள்கூட. இதைப் பற்றி அதிகம் சொல்ல எதுவும் இல்லை, செலவு சொற்பம், செய்துவிட வேண்டியதுதான்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே என் பட்டியலைக் கடைசியாக எப்போது இறக்கி வைத்தேன் என்று போய்ப் பார்த்தேன். ஏழு மாதம் ஆகியிருந்தது, இவ்வளவு பேசுகிறவனுக்கு. இப்போது இறக்கிவிட்டேன், இந்த முறை விலகியவர்களின் கோப்பையும் சேர்த்து. பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், தொடக்கத்தில் சேர்ந்த அந்த நாலைந்து நண்பர்களில் ஒருவர் புதியதில் இல்லை.